அக்கா படிக்கும் எழுத்து

திருப்பதியில் ஒரு கல்லூரியில் சிறுகதை பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்து டீ குடிக்கும்போது ஒரு பெண் லேப்டாப்போடு வந்தாள். "மேடம், நாவல் எழுத எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்று கேட்டாள். அவளிடம் ஏற்கெனவே மூன்று இருந்தன. ஒன்றில் பாத்திரங்களுக்கு ஒரு நிறத்தில் அட்டை, காட்சிகளுக்கு வேறு நிறத்தில் அட்டை. இன்னொன்று இன்றைக்கு எத்தனை சொல் எழுதினாய் என்று பச்சைக் கோடு போட்டுக் காட்டும். கதாநாயகியின் ரத்த வகையைக்கூடப் பதிந்து வைத்திருந்தாள். நாவல் எங்கே என்றேன். அது இன்னும் ஆரம்பிக்கவில்லையாம்.

கொஞ்சம் கேலி செய்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கே உறுத்தியது. அவள் கேட்டது நியாயமான கேள்விதான். நானும் அதே கேள்வியோடு சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் பஸ்ஸில் அலைந்தவள். அவளுக்கு நாவல் முடிய வேண்டும்; எனக்கு நான் எழுதுவதை என் அக்கா படிக்க வேண்டும். அவ்வளவுதான் என் தேவை. அதற்கு எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

எங்கள் ஊர் சித்தூர் ஜில்லாவில் எல்லையை ஒட்டி இருக்கிறது. வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, சந்தையில் இரண்டும். ஊர்ப் பள்ளியில் தமிழ் மீடியம் இருந்தது. அக்கா அதில் எட்டாவது வரை படித்தாள். நான் அவளுக்கு ஆறு வயது இளையவள். நான் சேருகிற நேரத்தில் தமிழ் வாத்தியார் ரிட்டையர் ஆகிவிட்டார், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. என்னைத் தெலுங்கு மீடியத்தில் உட்கார வைத்தார்கள். ஒரே பாயில் படுத்து ஒரே பாஷை பேசிய எங்கள் இரண்டு பேரில், அக்காவுக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது, எனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஒரே வீட்டில் இருந்தவரை அது ஒரு குறையாகவே படவில்லை.

அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள். நைனா கூலி வேலைக்குப் போவார். அவருக்கு எந்த எழுத்தும் தெரியாது. எனக்குத் தலை வாரிவிட்டதும் சோறு போட்டதும் அக்காதான். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்துப் பெண்கள் வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போக ஆரம்பித்தபோது அவளும் பேர் கொடுத்தாள்.

ரேணிகுண்டா ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "லெட்டர நீயே எழுது. நம்ம வூட்டு விஷயத்த இன்னொருத்தர் கைல குடுத்து எழுத வெக்காத. நானும் மனசுல கீறதெல்லாம் உனக்குத்தான் எழுதுவன்."

"எனக்குத் தமிழ் எழுத வராதே?"

"கத்துக்கோ. எத்தினி நாளு ஆயிடப் போவுது?"

சரி என்று தலையாட்டினேன். ஆனால் கற்றுக்கொள்ளவில்லை.

அப்போது நான் சித்தூரில் டிகிரி படித்துக்கொண்டே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷ் லோயர் பரீட்சைக்குப் பழகிக்கொண்டிருந்தேன். இன்ஸ்டிட்யூட் மாஸ்டர் வேலூர்ப் பக்கத்துக்காரர். தமிழ், தெலுங்கு இரண்டும் படிப்பார். அக்காவின் முதல் கடிதத்தை அவரிடம்தான் எடுத்துப் போனேன். அவர் வாசித்துக் காட்டினார். நான் பதிலைத் தெலுங்கு எழுத்தில், ஆனால் தமிழில், வாய்க்கு வந்தபடி எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் தமிழ் மிஷினில் அடித்தார். கீழே நான் தெலுங்கில் கையெழுத்துப் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். "நானே டைப் கற்றுக்கொண்டு அடிக்கிறேன் அக்கா" என்று ஒரு வரியும் சேர்க்கச் சொன்னேன். ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டு அதை உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்தேன். சோம்பேறிகள் எல்லோருமே அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நான் கதை எழுத ஆரம்பித்ததும் அப்போதுதான். தெலுங்கில் எழுதிப் பார்த்தேன்; பாடப் புத்தகத்து ஆட்கள்தான் வந்தார்கள். எங்கள் ஊர் ஆட்கள் தமிழில்தான் வாய் திறந்தார்கள். ஆகவே தெலுங்கு எழுத்தில் தமிழ்க் கதை. இப்படி எழுதுகிறவள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்று கொஞ்ச நாள் பெருமைப்பட்டேன். படிக்கக்கூடியவளும் நான் ஒருத்திதான் என்பது பிறகு உறைத்தது. கதைகளையும் மாஸ்டரிடமே அடிக்கக் கொடுத்தேன். அவர் சும்மா அடிக்கிறவர் இல்லை. திருத்துவார்.

"போயிக்கினு இருந்தான்னு நீ எழுதினா, சென்றுகொண்டிருந்தான்னுதாம்மா நான் அடிப்பேன். பேசறது வேற, பேப்பர் வேற. மிஷினுக்குன்னு ஒரு மரியாத கீதுல்ல?" என்பார்.

மிஷினின் மரியாதையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? சரி என்றேன். சென்னைப் பத்திரிகை ஒன்றிலிருந்து கதை ஒரு துண்டுச் சீட்டோடு திரும்பி வந்தது. அதையும் அவரே வாசித்தார். "நடை செயற்கையாக உள்ளது" என்று போட்டிருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசித்தோம். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அக்கா போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்குக் கல்யாணமாகி முழுகாமல் இருந்தேன். அந்த நேரத்தில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, இரண்டு தாள், நெருக்கி நெருக்கி எழுதியது. மாஸ்டர் அதை வழக்கத்தைவிட நேரமெடுத்து மனசுக்குள் படித்தார். பிறகு, "பிரசவத்துக்கு வரட்டுமான்னு கேக்கறாங்கம்மா. லீவு கெடைக்கறது கொஞ்சம் கஷ்டமாம். மத்தபடி நல்லாக்கீறாங்க" என்றார்.

எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து பதில் எழுதினேன். "அக்கா, உனக்கு எப்போ தோதோ அப்போ வா. லீவுக்காக சண்ட போட்டுக்கினு ஓடியாராத. மெள்ளமா வா. நீ வர்ற வரைக்கும் புள்ளைக்குப் பேரு வெக்காம காத்துக்கினு கீறேன்." மாஸ்டர் அடித்தார். நான் கையெழுத்துப் போட்டேன். தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.

அக்கா வரவில்லை. பிரசவ வார்டில் யார் உள்ளே வந்தாலும் நிமிர்ந்து பார்த்தேன். ஐந்து மாதம் பிள்ளையைப் பாப்பா, பாப்பா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஊர் திரும்பிய ஒரு பெண்ணிடம் அக்கா ஒரு சிவப்புப் போர்வை கொடுத்தனுப்பினாள். அதில் ஒரு வரி கடிதம் இல்லை. அதற்குப் பிறகு கடிதமே இல்லை. பக்கத்து வீட்டு போனுக்கு எப்போதாவது கூப்பிட்டு நைனாவிடம் பேசுவாள். என்னைப் பற்றி, "நல்லாகீதா?" என்று கேட்பாளாம். நைனா "கீது" என்பார். அவ்வளவுதான்.

எனக்கு ஆத்திரம். குவைத் தண்ணி குடித்ததும் நாங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டோம் என்று வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அந்த ஆத்திரத்தில்தான் என் முதல் நாவலை எழுதினேன். அக்கா வெளிநாடு போகிறாள், தங்கையை மறக்கிறாள். அக்கா அதைப் படிக்க வேண்டும், படித்து வெட்கப்பட வேண்டும். என் எழுத்து லட்சியம் இவ்வளவுதான் என்று இன்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நாள் தவறாமல் எழுத வைத்தது அதுதான்.

நாவல் தெலுங்கு எழுத்தில் ஆறு நோட்டுகளாக முடிந்தபோது நாங்கள் திருப்பதிக்கு வந்துவிட்டிருந்தோம். வீட்டுக்காரருக்கு ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் வேலை. எனக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன். சித்தூர் இன்ஸ்டிட்யூட்டை அதற்குள் மூடிவிட்டார்கள். டைப்ரைட்டரை யாரும் சீந்தாத காலம் வந்து, மாஸ்டர் வேலூருக்கே போய்விட்டார்.

நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு டி.டி.பி. கடை கடையாக ஏறினேன். ஒரு கடைக்காரர் மட்டும், "தமிழ் ஃபான்ட் உந்தி மேடம், ஆனா எந்த கீல எந்த அட்சரம் இருக்குன்னு நாக்கு தெலியது" என்று, தனக்குத் தெரியாது என்பதை நேர்மையாகச் சொன்னார். இன்னொரு கடையில் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தார். முதல் அத்தியாயத்தை நான் வாசிக்க வாசிக்க அடித்தார். குவைத்தில் அக்கா இருந்த தெருவில் ஒரு பிரௌசிங் சென்டர் உண்டு. அதன் மெயில் விலாசத்தை நைனாவைக் கேட்கச் சொல்லி, பக்கத்து வீட்டுப் பிள்ளையை எழுதிக்கொள்ள வைத்து வாங்கி அனுப்பி வைத்தேன். பத்து நாள் கழித்து அக்கா நைனாவிடம் சொன்னாளாம்: "இன்னாவோ அனுப்பிக்கிறா. தொறந்தா கட்டம் கட்டமா, பூச்சி பூச்சியாகீது. பைத்தியம் புடிச்சிக்கிச்சா அவளுக்கு?" அந்த ஃபான்ட் இங்கே அந்த ஒரு கடையில் மட்டும்தான் தமிழ். குவைத்தில் அது பூச்சி.

பிறகு லாட்ஜில் ரூம் பில் போடக் கம்ப்யூட்டர் வந்தது. மத்தியானத்தில் யாத்ரிகர்கள் எல்லோரும் மலை மேல் இருப்பார்கள், ரிசப்ஷனில் வேலை இருக்காது. கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்தவரிடம் என் கதையைச் சொன்னேன். அடுத்த முறை வரும்போது ஒரு சீடி கொண்டு வந்தார். இங்கிலீஷ் கீயில் அடித்தால் திரையில் தமிழ் விழும். எங்கே அனுப்பினாலும் தமிழாகவே திறக்கும், அந்தப் பக்கம் ஃபான்ட் எதுவும் வேண்டாம் என்றார். நம்பாமல்தான் உட்கார்ந்தேன். akkaa என்று அடித்தேன். திரையில் மூன்று எழுத்து வந்தது. அதுதான் அக்காவாக இருக்க வேண்டும். இருந்தாலும் பக்கத்து ரூமில் தங்கியிருந்த காஞ்சிபுரத்து அம்மாளைக் கூப்பிட்டு, அது என்ன என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அந்த அம்மாள் "அக்கா" என்று வாசித்ததும் எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆறு நோட்டு நாவல் எழுதியவள், ஒரு வார்த்தையைப் படிக்க வழியில் போகிறவரைக் கூப்பிடுகிறேன். அன்று முதல் பிடிவாதமாகக் கற்றேன். எல்லோரும் எழுத்தைப் படித்துவிட்டு கீயைப் பழகுவார்கள். நான் கீயிலிருந்து எழுத்துக்குப் போனேன். k அடித்தால் க். பக்கத்தில் e அடித்தால் கொம்பு முன்னால் ஓடிப் போய் நின்றுகொள்ளும். தெலுங்கில் நாலு 'க' இருக்கிறது; தமிழில் ஒரே 'க' நாலு பேர் வேலையையும் பார்க்கிறது. ல, ள, ழ மூன்றும்தான் உயிரை வாங்கின. எங்கள் ஊரில் ழ-வை யாரும் நாக்கு மடித்துச் சொல்வதில்லை. எந்த வார்த்தையில் எந்த ல என்று கண்டுபிடிக்க ஊர் முழுக்க யாத்ரிகர்களுக்கு மாட்டியிருக்கும் தமிழ் போர்டுகளைப் படித்தேன். அத்தனை வருஷமும் அந்த போர்டுகள் அங்கேதான் இருந்தன. நான் அவற்றில் தெலுங்கை மட்டும் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

இன்று அந்த மாதிரிக் கருவிகள் பத்து இருக்கின்றன. போனில் பேசினாலே எழுதிக்கொள்கிறது. ஆனால் என் போன் "கீறா" என்று அடித்தால் "கீரை" என்று மாற்றுகிறது. மாஸ்டர்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். திருத்தும் வசதியை நான் முதலில் அணைத்துவிடுவது அதனால்தான். அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கும் அதைத்தான் சொன்னேன், ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

எழுத்து ஓரளவு பிடிபட்டதும் படித்துப் பழக வீட்டில் தமிழில் என்ன இருக்கிறது என்று தேடினேன். ஒரு ரெக்சின் பையில் அக்காவின் கடிதங்கள் இருந்தன. கையெழுத்து எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவற்றோடு, நான் அனுப்பிய பதில்களின் கார்பன் காப்பியும் இருந்தது. மாஸ்டர் ஒழுங்கான மனிதர். நான் கொடுத்த தெலுங்குத் தாளையும் கார்பனையும் சேர்த்துக் குண்டூசி குத்தித்தான் திருப்பித் தருவார். டைப் எழுத்து சுலபம். கடைசிக் கடிதத்தை எடுத்து எழுத்துக் கூட்டினேன்.

"அன்புள்ள அக்கா அவர்களுக்கு, தாங்கள் பிரசவத்திற்கு வருவதற்கு அவசரம் இல்லை. தங்கள் பணியே முக்கியம். குழந்தைக்குப் பெயர் சூட்டுவது குறித்துப் பின்னர் தெரிவிக்கிறேன்."

வேலூரில் இதைப் படித்தால் ஒரு தப்பும் இல்லை. நிதானமாக வரலாம் என்று அர்த்தம். மெள்ளமா வா என்று நான் எழுதியதை மாஸ்டர் மரியாதையாக மாற்றியிருக்கிறார். ஆனால் எங்கள் ஊரில் அவசரம் என்றால் தேவை. தெலுங்கு அர்த்தம்தான் எங்கள் வாயில். கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் "அவசரம் இல்ல" என்போம். எங்கள் ஊர்க்காரி ஒருத்தி அந்த வரியை ஒரே மாதிரிதான் படிப்பாள்: நீ வரத் தேவையில்லை. அதுவும் தாங்கள், தங்கள் என்று. பிறந்ததிலிருந்து நான் அவளை நீ என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஏழு வருஷமாக யார் யாரை மறந்தார்கள் என்று நான் ஆறு நோட்டு எழுதியிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் நாவலைத் தொடவில்லை. மாஸ்டர் அடித்த கடிதத்தை அப்படியே டைப் செய்தேன். அதன் கீழே, தெலுங்குத் தாளில் நான் எழுதியிருந்ததைப் போட்டேன், ஒரு 'கினு'வைக்கூட மாற்றாமல். எனக்கு அப்போது தமிழ் எழுத்து தெரியாது, நானே அடிக்கிறேன் என்று பொய் சொன்னேன், இப்போதுதான் கற்றேன், இது மட்டும்தான் என் கையால் அடித்தது என்று எழுதினேன். கீழே லாட்ஜ் போன் நம்பரையும் போட்டுப் படித்துப் பார்த்தேன். என்னால் படிக்க முடிந்தது. அனுப்பினேன்.

மூன்றாம் நாள் லாட்ஜ் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"நீதான் அடிச்சியா?" என்றாள். இத்தனை வருஷம் கழித்து அவள் குரல்.

"நான்தான் அக்கா."

"கினு கினுன்னு கீது. பாத்ததும் தெரிஞ்சிப்போச்சி." சிரித்தாள் என்று நினைக்கிறேன். "அந்த லெட்டரு வந்தப்போ, இவ இப்படிப் பேசமாட்டாளேன்னு நெனச்சன்டி. நீயே அடிக்கிறன்னு எழுதிக்கிறியே, நம்பிட்டன்."

மன்னிப்புக் கேட்டேன். அழுதேன். அவள் அழவில்லை.

"அப்போ நான் எழுதுனத எல்லாம் யாருடி படிச்சது?" என்றாள்.

சொன்னேன்.

"எல்லாத்தயும் படிச்சாரா?"

"படிச்சாருன்னுதான் நெனச்சேன்."

"கடைசி லெட்டர நீ எடுத்துப் படி" என்றாள். "படிச்சிட்டு அப்புறமா பேசு." போனை வைத்துவிட்டாள்.

அன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். கையெழுத்து கடினமாக இருந்தது. திரையில் பார்த்த எழுத்து வேறு, அவள் பேனாவில் ஓடிய எழுத்து வேறு. இரண்டு தாளுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. முதல் தாளில், வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு நடந்தது எழுதியிருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். அவள் எனக்கு மட்டும் எழுதியது அது. இரண்டாவது தாளின் முடிவில் இப்படி இருந்தது: "ரெண்டு வருசம் முடிஞ்சும் அனுப்ப மாட்டேங்கறாங்க. பாஸ்போட்டு அவங்க கைல கீது. தங்கச்சிக்குப் பிரசவம், ஊர்லேர்ந்து வரச் சொல்லி லெட்டரு வந்தா விடறேன்னு வூட்டுக்காரம்மா சொல்லிக்கீது. இங்க தமிழ்க்கார டிரைவர் ஒருத்தரு கீறாரு, அந்தம்மாவுக்கு அரபில படிச்சி சொல்லுவாரு. நீ வான்னு ஒரு வரி எழுது. அது போதும்."

முழுகாமல் இருக்கிற பெண்ணிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்று மாஸ்டர் நினைத்திருப்பார். எங்கள் பக்கம் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அவர் கெட்டவர் இல்லை. இருந்தும் எனக்கு அவர் மேல் கோபம் இன்னும் போகவில்லை. என் மேல் இருப்பது அதைவிடக் கூட. அக்கா பிறகு சொன்னாள்: டிரைவர் என் பதிலைப் படித்துச் சொன்னபோது வீட்டுக்காரம்மா, அவசரம் இல்லை என்றுதானே எழுதியிருக்கிறார்கள் என்று பாஸ்போர்ட்டைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டாளாம். அதற்குப் பிறகு இன்னும் மூன்று வருஷம் அக்கா அதே வீட்டில் இருந்தாள். பிறகு வேறு வீடு மாறினாள். அங்கே லீவு கொடுப்பார்கள். ஆனால் வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்கு எதற்குப் போவது என்று இருந்துவிட்டாளாம்.

மறுநாள் லாட்ஜுக்குப் போனதும் கம்ப்யூட்டரைத் திறந்து இரண்டே சொல் அடித்து அனுப்பினேன். அக்கா, வா.

இரண்டு மாதம் கழித்து வந்தாள். முன்பக்கம் முடி நரைத்திருந்தது. என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்தவள், வாசலில் பெட்டியோடு நின்ற அம்மாளைப் பார்த்து, யார் என்று என்னைத் தெலுங்கில் கேட்டாள். அக்கா குனிந்து அவளைத் தூக்கப் பார்த்தாள். கனமாக இருந்தது. தூக்க முடியாமல் விட்டுவிட்டாள்.